பிரெஞ்சு டிக்டேஷனில் 20-க்கு 4: வழி சொல்லுங்கள்

சென்னையில் பி.காம். முதலாண்டு படிக்கிறேன். மொழிப்பாடமாகத் தமிழை விட்டுப் பிரெஞ்சை எடுத்தேன். மதிப்பெண் ஆசைதான், வேறென்ன. வகுப்பில் பாதிப் பேர் பள்ளியிலேயே படித்து வந்தவர்கள். எனக்கு 10 வாரமாகியும் டிக்டேஷனில் 20-க்கு 4.

வாசித்தால் ஓரளவு புரிகிறது. காதுதான் சிக்கல். அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள்: எழுத்தில் விகுதி வேறு, கேட்டால் இரண்டுமே 'இல் பார்ல்'. எண்கள் இன்னும் மோசம். 80 என்பது 'நான்கு இருபது', 75 என்பது 'அறுபது பதினைந்து'. ஆசிரியர் அடுத்த வரிக்குப் போய்விடுவார், நான் கூட்டிக்கொண்டிருப்பேன்.

40 நாள் டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலி, சுவரில் வினைத்திரிபு அட்டவணை, பாதி வேகத்தில் யூடியூப் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாலையில் டியூஷன் சொல்லித்தருகிறேன், நான் தனி வகுப்புக்குப் போக நேரமில்லை. நவம்பரில் செமஸ்டர் தேர்வு.

கல்லூரியில்தான் பிரெஞ்சைத் தொடங்கித் தேறியவர்களே, தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், காது பழக அதில் எதைச் செய்வீர்கள்?