டேலி சர்வரை வீட்டிலிருந்து பார்க்க 3389 போர்ட்டைத் திறந்து வைக்கலாமா?

கேள்வி: பனியன்_திருப்பூர்

வணக்கம். எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி, 7 கம்ப்யூட்டரில் டேலி ஓடுகிறது. இதுவரை டேட்டா எல்லாம் அக்கவுண்ட்ஸ் அக்காவின் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. சாப்பிடப் போகும்போது பழக்கதோஷத்தில் அவர் ஷட்டவுன் செய்துவிட்டால், பேக்கிங் பக்கம் பில் போட முடியாது. அதனால் மூன்று வாரம் முன்பு பழைய சர்வர் ஒன்று வாங்கினோம். இரண்டு டிஸ்க், ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே டேட்டா பதிவாகும் அமைப்பு), விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2.

அப்பா ராத்திரி வீட்டிலிருந்து ஸ்டாக் பார்க்க வேண்டும் என்றார். சர்வர் கொடுத்தவர் ரவுட்டரில் 3389-ஐ, அதாவது வெளியிலிருந்து சர்வர் திரையைப் பார்க்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான போர்ட்டை, திறந்துவிட்டுப் போனார். வேலை செய்கிறது. ஆனால் விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்து காட்டும் ஈவன்ட் வியூவரில் 4625 என்ற எண்ணில் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து வரி விழுகிறது. யூசர் பெயர் அட்மின், டெஸ்ட், ஸ்கேனர் என்று வருகிறது. எங்களிடம் ஸ்கேனரே கிடையாது. யார் இது?

பதில்: அச்சகம்_சிவகாசி

தம்பி, முதலில் அந்தப் போர்ட்டை மூடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

4625 என்றால் தோற்றுப்போன லாகின். உங்களைக் குறிவைத்து யாரும் வரவில்லை. திறந்திருக்கும் கதவையெல்லாம் தட்டிப் பார்க்கும் நிரல்கள் அவை. போர்ட் எண்ணை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடும்.

2019-இல் எங்கள் அச்சகத்திலும் இப்படித்தான் திறந்து வைத்திருந்தோம். பாஸ்வேர்ட், அச்சகத்தின் பெயரும் 123-ம். திங்கள் காலை வந்து பார்த்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை, பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் கிடந்தது. ரெய்டு 1 இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். ஒரு டிஸ்க் கெட்டால் இன்னொன்று காப்பாற்றும், அவ்வளவுதான். ஒன்றில் பூட்டியது அடுத்த நொடியே மற்றதிலும் பூட்டிக்கொள்ளும். பேக்கப் டிஸ்க்கும் செருகியபடியே இருந்ததால் அதுவும் போயிற்று. ஆடிட்டர் ஆபீசில் கிடந்த 23 நாள் பழைய பேக்கப்தான் மிச்சம். பில் புக்கின் கார்பன் காப்பியை வைத்து மூன்று பேர் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம்.

அப்பாவுக்கு வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் (வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனி வழி) போட்டுக் கொடுங்கள். சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. அவருக்குத் தனி யூசர் போதும், அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டாம். பேக்கப்புக்கு இரண்டு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி, ஒன்றை எப்போதும் வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து டேலியில் திறக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் அதைச் செய்ததே இல்லை.

2012 ஆர்2-க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதையும் மாற்றுங்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை வைரஸ் பரவியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

பதில்: யுபிஎஸ்_கோவை

சர்வரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கட்டிங் பக்கம் என்றால் ஃபேனில் பஞ்சு அடைத்துச் சூடேறும். அப்புறம், யுபிஎஸ்ஸிலிருந்து யூஎஸ்பி வயரைச் சர்வருக்குக் கொடுங்கள். கரண்ட் போய் பேட்டரி இறங்கினால் தானாக ஷட்டவுன் ஆக வேண்டும். நிறைய பேர் அந்த வயரை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள்.

பதில்: பனியன்_திருப்பூர்

போர்ட்டை மூடிவிட்டேன், 4625 நின்றுவிட்டது. வெற்றியான லாகின் 4624-ஐயும் முழுக்கப் பார்த்தேன். வெளியிலிருந்து வந்தது அப்பா மட்டும்தான். இன்று டிஸ்க் வாங்கப் போகிறேன். யுபிஎஸ் அண்ணா, சர்வர் கட்டிங் டேபிளுக்கு அடியில்தான் இருந்தது. முன்பக்க மூடியைக் கழற்றினேன், மூன்று வாரத்துக்கே வலை முழுக்க வெள்ளையாகப் பஞ்சு.