பழைய ஓட்டு வீட்டைப் பொம்மை வீடாகச் செய்ய, வீட்டில் கிடப்பதில் எது எதற்கு ஆகும்?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பாட்டி வீடு இருந்தது. தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே நுழைந்தால் நடை, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் கிணறு. கூரை நாட்டு ஓடு. இப்போது அந்த மனையில் மாடி வீடு நிற்கிறது. என் மகளுக்கு எட்டு வயது. அவள் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. நவராத்திரிக்குக் கொலுப்படிக்குப் பக்கத்தில் அதைச் சின்னதாகச் செய்து வைக்க ஆசைப்படுகிறேன்.

காசு கொடுத்து வாங்காமல் வீட்டில் இருப்பதை வைத்தே செய்ய வேண்டும். ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சேர்த்திருக்கிறேன்: ஐஸ் குச்சி, தீப்பெட்டி, மாத்திரை அட்டை, அறுந்த கவரிங் செயின், வளையல், காகித ஸ்ட்ரா, பார்சல் டேப் தீர்ந்த வளையம், என் கணவர் டியூஷனில் எழுதித் தீர்த்த மார்க்கர் பேனாக்கள். இணையத்தில் பார்க்கிற வீடியோக்களில் எல்லாம் சோபாவும் கட்டிலும் கேக் அலமாரியும்தான் செய்கிறார்கள். திண்ணைக்குத் தூண், கிணறு, ஊஞ்சல், ஓடு இதெல்லாம் யாராவது செய்திருக்கிறீர்களா? எந்த அளவில் தொடங்குவது? கடல் பக்கம் என்பதால் அட்டை நமத்துப்போகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை டெய்லர் (புதுச்சேரி)

அம்மா, பசையை அப்புறம் திறக்கலாம். முதலில் அளவு டேப்பை எடுங்கள்.

ஒரு அடிக்கு ஒரு அங்குலம். அதாவது 1:12. உலகம் முழுக்கப் பொம்மை வீடு செய்கிறவர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிற அளவு இதுதான். நமக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. பழைய வீட்டைப் பற்றிப் பேசும்போது இன்னும் அடியில்தான் பேசுகிறோம். பாட்டி வீட்டு நடை நாலடி அகலம் என்று அம்மாவோ மாமாவோ சொன்னால், நாலு அங்குலம் வெட்டிவிடலாம். கணக்கே வேண்டாம். டேப்பில் அரைக்கால் அங்குலக் கோடு ஒன்றரை அங்குலத்தைக் குறிக்கும், அவ்வளவுதான்.

என் தொழிலே துண்டு துணுக்கோடுதான். கடை மூடிய பிறகு மேசையில் கிடப்பதை வைத்து வீட்டுச் சாமான் செய்து பார்ப்பது பல வருஷப் பழக்கம். அதில் நான் கண்டது இது. ஒரு பொருள் எதைப் போல இருக்கிறது என்று பார்த்துத் தேடினால் கடைசியில் எல்லாம் விளையாட்டுச் சாமானாகவே தெரியும். அதன் அளவு எதற்குப் பொருந்துகிறது என்று தேடுங்கள். பொருந்துகிற சாமான் கையில் வந்ததும் வீடு உண்மையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கிணற்றிலிருந்து சொல்கிறேன், எனக்கு அதில்தான் ஆசை அதிகம். உங்களிடம் இருக்கிற பார்சல் டேப் வளையத்தை அளந்து பாருங்கள். உள்வட்டம் 3 அங்குலம், உயரம் ஏறக்குறைய 2 அங்குலம். மூன்றடி வாய், இரண்டடிச் சுவர். வீட்டுக் கிணற்றுக்கு வேறென்ன வேண்டும்? வெளிப்பக்கம் ஃபெவிகால் தடவி, சலித்த மணலை ஒட்ட வைத்து, காய்ந்ததும் சுண்ணாம்போ வெள்ளை பெயின்ட்டோ அடியுங்கள். மேல் விளிம்பில் அரை அங்குல அகலத்துக்கு அட்டை வளையம் ஒன்று வையுங்கள். குடம் வைக்க இடம் ஆகிவிடும்.

ராட்டினத்துக்குத் தையல் மெஷின் பாபின். இரும்பு பாபின் குறுக்கே 2 சென்டிமீட்டர் இருக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் 24 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒன்பதரை அங்குலம். கிணற்று ராட்டினம் அந்த அளவுதான். நடுவில் பள்ளமும் இருக்கிறது, அச்சுக்குத் துளையும் இருக்கிறது. ஒரு கம்பியில் கோத்தால் நிஜமாகவே சுற்றும். கயிற்றுக்குச் சாக்கு தைக்கிற சணலைப் பிரித்து ஒரே ஒரு இழை எடுத்து முறுக்குங்கள். முழுச் சணல் போட்டால் கப்பல் கயிறு மாதிரி ஆகிவிடும். வாளிக்கு, தைக்கும்போது விரலில் மாட்டுகிற பித்தளைத் தொப்பி. அதன் மேலிருக்கும் குழிகள் அடித்துச் செய்த பித்தளை போலவே தெரியும். வாய் ஓரம் இரண்டு துளை போட்டுக் கம்பிக் காது மாட்டினால் போதும்.

தூண்: மார்க்கர் பேனாதான். சுற்றளவு பார்க்காதீர்கள், குறுக்களவு பாருங்கள். 17 மில்லிமீட்டர் பக்கம் வரும். அது எட்டங்குலத் தேக்குத் தூணுக்குச் சமம். மூடியைக் கழற்றி வெறும் உடலை மட்டும் நாலரை அங்குலத்துக்கு வெட்டி, இரண்டரை அங்குல உயரத் திண்ணையின் மேல் நிறுத்துங்கள். மொத்தம் ஏழடியில் இறவாணம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, வந்து நிற்கும். பழைய வீடுகளில் தலை குனிந்து நுழைவோமே, அந்தத் தாழ்வு கிடைத்துவிடும். பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நியூஸ்பேப்பரை ஃபெவிகாலில் ஒரு சுற்று ஒட்டிவிட்டு அடியுங்கள். கீழே கல் பீடத்துக்கு ஒரு அங்குலச் சதுர அட்டை நாலு அடுக்கு.

ஓடு பொறுமை வேலை. காகித ஸ்ட்ரா 6 மில்லிமீட்டர் என்றால் மூன்றங்குல நாட்டு ஓடு. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அரை அங்குலத் துண்டுகளாக்குங்கள். ஒரு வரிசை மல்லாந்து, அதன் மேல் ஒரு வரிசை கவிழ்ந்து, கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். அடியில் ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டத்துக்குத் தீக்குச்சி. அது 2 மில்லிமீட்டர், ஒரு அங்குல ரீப்பராகக் கணக்காகிறது. மருந்துள்ள தீக்குச்சியை உரசி உதிர்க்க வேண்டாம். மருந்து இல்லாத குச்சியே ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கிறது, அதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நிறத்துக்கு ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடில் கொஞ்சம் அடுப்புக்கரி கலந்து, ஓட்டுக்கு ஓடு மாற்றி அடியுங்கள். எல்லா ஓடும் ஒரே சிவப்பாக இருந்தால் நேற்றுப் போட்ட கூரை மாதிரி இருக்கும்.

ஊஞ்சல் சுலபம். ஐஸ் குச்சி நாலரை அங்குல நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம். நாலைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் நாலரை அடிக்கு ஒன்றரையடிக்கும் மேல் பலகை. அறுந்த கவரிங் செயினே சங்கிலி. குச்சியின் முனை வளைவை வெட்டிவிடுங்கள். அந்த வளைவு தெரிந்தால் ஐஸ் குச்சி என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

ஜன்னல் கம்பிக்குத் தென்னந்துடைப்ப ஈர்க்கின் நுனிப்பக்கம். கதவுக் கொக்கிக்கு ஜாக்கெட் கொக்கியும் அதன் கண்ணியும், அப்படியே பொருந்தும். தீப்பெட்டியைப் பீரோவாக்காதீர்கள், அளவு வராது. ஒன்றின் மேல் ஒன்று இரண்டு ஒட்டினால் இரண்டடி டிரங்குப் பெட்டி. மாத்திரை அட்டைக் குமிழ் பல்புக்கு மேல் கவிழ்க்கிற கண்ணாடிக் கிண்ணம்.

நமப்புக்கு: அடிப்பலகை பிளைவுட்டாக இருக்கட்டும், அட்டையின் இரண்டு பக்கமும் வெட்டு விளிம்பிலும் வார்னிஷ் ஒரு கை. விளிம்பை விட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். குண்டூசி உப்புக்காற்றில் துருவேறிச் சுவரில் கறை விடும். பித்தளைக் கம்பி போடுங்கள், இல்லாவிட்டால் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவுங்கள். மணல் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அள்ளியது என்றால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்து எடுங்கள். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கெடிலக்கரை

ஐயா, டேப் வளையத்தை இப்போதே அளந்துவிட்டேன். நீங்கள் சொன்ன அளவேதான்! ரொம்ப நன்றி. திரைச்சீலை, பாய், கொடியில் காயும் புடவை இதற்கெல்லாம் என்ன துணி எடுப்பது? சமையற்கட்டுக்கு மகளின் சொப்பு இருக்கிறது, அதையே வைக்கலாமா?

வண்டிப்பாளையம் அக்கா (கடலூர்)

தாராளமாக வைக்கலாம் தங்கச்சி. நிஜக் குடம் ஒரு அடி உயரம் என்றால் ஒரு அங்குலச் சொப்புக் குடம் இந்தக் கணக்குக்கே சரியாக வருகிறது. மண் சொப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கள் பக்கத்திலும் பண்ருட்டியிலும் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் கேட்டால் அடுப்பு, பானை, உரல் என்று சின்னதாகக் கிடைக்கும். கடப்பாக்கல் கடையில் வெட்டிப்போட்ட சில்லு ஒன்று கேட்டு வாங்குங்கள், ஒன்றரை அங்குலம் இருந்தால் அம்மி. வழவழப்பான கூழாங்கல் குழவி.

டெய்லர் ஐயா சொல்கிற அளவுக் கணக்கை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியார் பொம்மை தன் கடையை விட உயரமாக இருக்கும், அவர் முன்னால் இருக்கிற கத்திரிக்காய் அவர் தலை அளவு இருக்கும். எங்கள் பிள்ளைகள் அதை வைத்துத்தான் வியாபாரம் செய்து வளர்ந்தார்கள். குழந்தை ஏதாவது பெரிதாகச் செய்து கொண்டுவந்து வைத்தால் அளவு சரியில்லை என்று எடுத்துவிடாதே. முற்றத்தில் அவளுக்கென்று ஒரு மூலை விடு.

நிஜப் பயறு, அரிசி, கடுகு வைப்பதானால் கொலு பத்து நாளோடு எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வண்டு வரும், பின்னாலேயே எறும்பு வரும். நிரந்தரமாக வேண்டுமென்றால் பாசிமணி.

இன்னொன்று முக்கியம். விளக்கு போடுகிறேன் என்று பொத்தான் மாதிரி இருக்கிற வட்ட பேட்டரி வைத்த சின்ன விளக்குகளை வாங்கிவிடாதே. உன் மகள் பெரியவள், சரி. கொலு பார்க்க வருகிற வீட்டுக் கைக்குழந்தைகள்? அந்த பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால்கூட விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பென்சில் பேட்டரி போட்டு ஸ்க்ரூ முடுக்கி மூடுகிற பெட்டி உள்ள சீரியல் லைட் வாங்கு. பாசிமணி, பித்தளைத் தொப்பி, கூழாங்கல் எல்லாம் கை எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

முத்தியால்பேட்டை டெய்லர்

அக்கா சொன்ன பேட்டரி விஷயத்தைத் தயவுசெய்து எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஒரு மூலை விடுவதும் நியாயம்தான். வீட்டுக்குள் மட்டும் அளவு கெடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

துணிக்கு வருகிறேன். புதுத் துணி வேண்டாம். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி, பழைய வாயில் புடவை, இவைதான் மடிப்புக்கு வளையும். கட்டம் போட்ட லுங்கி வெட்டினால் ஒரு கட்டமே ஜன்னல் அளவு இருக்கும். ஆண்கள் கைக்குட்டையின் ஓரத்தில் பொடிக் கட்டம், பொடிக் கோடு வரும் பாருங்கள், அதுதான் இந்த அளவில் லுங்கி. புடவைக் கரைக்கு ஜரிகை ரிப்பனில் ஓர இழை இரண்டை மட்டும் உருவி ஒட்டலாம்.

சின்னத் துணி தானாகத் தொங்காது, விறைத்துக்கொண்டு நிற்கும். துணிக்குப் பாரம் போதாது, அதுதான் காரணம். எனவே சோறு வடித்த கஞ்சியில் நனைத்து, தெர்மாகோல் மேல் பிளாஸ்டிக் பேப்பர் விரித்து, மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்தி நிழலில் காயவிடுங்கள். கொடியில் காய்கிற புடவைக்கு ஒரு பென்சிலின் மேல் போட்டே காய வையுங்கள். எடுத்து மாட்டினால் நனைந்த புடவை தொங்குவது போலவே இருக்கும். ஓரம் மடித்துத் தைக்காதீர்கள், தடிக்கும். ஃபெவிகாலை விரலால் மெல்லத் தடவி, காய்ந்ததும் வெட்டினால் நூல் பிரியாது. கஞ்சித் துணியைக் கொலு முடிந்ததும் அலசிவிடுங்கள், பூச்சி வரும்.

பாய்க்குக் கிழிந்த கோரைப்பாயின் ஓரத்தில் மெல்லிய கோரையாகப் பார்த்து வெட்டுங்கள், இரண்டரைக்கு ஆறு அங்குலம்.

சட்டைப் பட்டனைத் தட்டாக வைப்பதாக இருந்தால் நாலு துளையும் தெரியும். துளையை மறைத்து ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டு, பிறகு பெயின்ட் அடியுங்கள். எட்டணா (ஐம்பது காசு) நாணயத்தின் அகலம் இருக்கிற கோட் பட்டன்தான் சாப்பாட்டுத் தட்டு. சட்டைப் பட்டன் குழம்புத் தட்டுக்கு மேல் போகாது.

வைசியாள் வீதிப் பக்கம் (புதுச்சேரி)

கட்டடக்கலை படிக்கிறேன். ஒரே ஒரு யோசனை. வீட்டை எந்தப் பக்கம் திறந்து காட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மேல்நாட்டுப் பொம்மை வீடுகளில் முன்சுவரையோ பின்சுவரையோ திறப்பார்கள். டில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் 1921 முதல் 1924 வரை இங்கிலாந்து மேரி ராணிக்காக 1:12 அளவில் ஒரு பொம்மை வீடு செய்தார், இப்போது விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அதில் வெளிச்சுவர்களே மேலே தூக்கப்படும். நம் முற்றத்து வீட்டுக்கு அது ஒத்துவராது. முன்சுவரைத் திறந்தால் திண்ணைதான் கிடைக்கும், முற்றம் தெரியாது. வாசலிலிருந்து கிணறு வரை ஒரே நேர்கோடாக இருப்பதுதான் இந்த வீட்டின் அழகு. எனவே வீட்டை அந்த நேர்கோட்டுக்குப் பக்கத்தில் நெடுக்காக அறுத்தது போல, ஒரு பக்கச் சுவர் இல்லாமல் செய்யுங்கள். திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், சமையற்கட்டு, கிணறு எல்லாம் ஒரே பார்வையில் வரும்.

யாராவது எங்கள் ஊர் மாதிரி கீழே திண்ணை, மேலே பிரெஞ்சு வளைவு ஜன்னல் உள்ள வீடு செய்தால், 2-4 அளவு உலோக வளையலைப் பாதியாக வெட்டுங்கள். அந்த எண்ணுக்கு 2 அங்குலமும் பதினாறில் 4 பாகமும் என்று அர்த்தம், அதாவது இரண்டே கால். இரண்டே கால் அடி ஜன்னலுக்கு அரைவட்டம் தயார்.

கெடிலக்கரை

பக்கச்சுவர் இல்லாமல் என்பது எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. மாமாவிடம் போனில் கேட்டேன். முற்றம் எட்டுக்குப் பத்து, கிணற்றடியில் துவைக்கிற கல் ஒன்று இருந்தது என்கிறார். அக்கா, அதற்கும் கடப்பாச் சில்லுதான். டெய்லர் ஐயா, இரும்பு பாபின் எங்கே கேட்பது? எங்கள் வீட்டு மெஷினில் இருப்பது பிளாஸ்டிக்.

முத்தியால்பேட்டை டெய்லர்

பிளாஸ்டிக்கும் அதே அளவுதான் அம்மா, கறுப்பு அடித்தால் போதும். இரும்பே வேண்டுமென்றால் உங்கள் தெரு டெய்லரிடம் கேளுங்கள். விளிம்பு நெளிந்த பாபினில் நூல் சிக்கும், அதை மெஷினில் போட மாட்டோம், ஒரு டப்பாவில் கிடக்கும்.