நீல் மோர்ஸின் ஆராதனைப் பாடல்களை நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்?

நொய்யல்கரையான், கோயம்புத்தூர்:

வணக்கம். ஸ்பாக்ஸ் பியர்டு என்னும் அமெரிக்க ராக் குழுவின் பாடல்களைக் கல்லூரிக் காலம் முதல் கேட்டு வருகிறேன். அக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அதன் பாடகருமான நீல் மோர்ஸ், 2002-இல் ‘ஸ்னோ’ என்னும் இரட்டைத் தொகுப்பு வெளிவந்த கையோடு, தம் கிறிஸ்தவ நம்பிக்கையின் பொருட்டுக் குழுவை விட்டு விலகினார். மறு ஆண்டே அந்த மனமாற்றத்தை ‘டெஸ்டிமொனி’ என்ற பெயரில் இரண்டு வட்டுகள் நிறையப் பாடினார். அது எனக்கு மிகவும் பிடித்தது. என் ஐயமெல்லாம் 2005-இல் அவர் தொடங்கிய ‘வொர்ஷிப் செஷன்ஸ்’ என்னும் ஆராதனைப் பாடல் வரிசையின் முதல் தொகுப்பைப் பற்றியது.

நான் கிறிஸ்தவன் அல்லன். எங்களுடையது தைப்பூசத்துக்கு மருதமலை ஏறும் குடும்பம். தெய்வத்தைப் பாடுவது எனக்கு அன்னியமில்லை என்பதால், முன்முடிவு ஏதுமின்றித்தான் உக்கடத்தில் பொள்ளாச்சிப் பேருந்தில் ஏறியதும் கேட்கத் தொடங்கினேன். கிணத்துக்கடவு வருவதற்குள் நிறுத்திவிட்டேன். என் காதில் விழுந்ததெல்லாம் நான்கு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு), ஒரு பல்லவி, அதே பல்லவி இன்னும் உரக்க, கருவிகள் அடங்கியபின் மெதுவாக மீண்டும் அதே பல்லவி. என்னோடு மில்லில் பணிபுரியும் நண்பரோ அதே தொகுப்பைக் கண்கள் கலங்கக் கேட்கிறார். அவருக்கு ‘டெஸ்டிமொனி’ பாதியிலேயே தலைவலி தந்துவிட்டதாம். குறை பாட்டிலா, என் காதிலா?

ஈரோட்டுக் கிதார்:

வணக்கமுங்க. நான் பதினைந்து ஆண்டுகளாகச் சபையில் கிதார் வாசிக்கிறவன்; மோர்ஸின் ரசிகனும்கூட. ஆகையால் இரு பக்கத்து வசையும் எனக்கு வந்து சேரும். ஆராதனைப் பாட்டு உட்கார்ந்து கேட்பவருக்காகக் கட்டப்படுவதன்று. ஞாயிறு காலையில், தொண்டை இன்னும் சரியாகத் திறக்காத முந்நூறு பேர், ஒத்திகை ஏதும் இல்லாமல், பல்லவி இரண்டாம் முறை வரும்போதே சேர்ந்து பாட வேண்டும். அதற்கு மெட்டு ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள் நிற்க வேண்டும். ஆண்களுக்கு எட்டாத உயரத்துக்கும் பெண்களுக்கு இறங்காத ஆழத்துக்கும் போகாத சுருதி வேண்டும். அடுத்த வரி எங்கே போகும் என்பதைக் காதே ஊகித்துவிட வேண்டும். ராக் ரசிகர் ‘எதிர்பார்த்தபடியே போகிறது’ என்று குறை சொல்வது எதுவோ அதுதான் எங்களுக்குக் கைப்பிடி. கேட்பவருக்குச் சலிப்பூட்டும் மூன்றாம் சுற்றில்தான், பாடுகிறவர் பாடல் வரிகள் தெரியும் திரையிலிருந்து பார்வையை எடுத்துக் கண்களை மூடுகிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மோர்ஸின் பாட்டு ஒன்றைத் தமிழாக்கிப் பாட முயன்றோம். ஆங்கிலத்தில் குறுஞ்சொல் விழுந்த இடத்தில் ‘பரிசுத்தர்’ என்று நெருக்கி நுழைத்ததில் மெட்டு மூச்சுத் திணறியது. அடுத்த வாரமே பழைய கீர்த்தனைக்குத் திரும்பிவிட்டோம்.

தாராபுரத்தான்:

ஈரோட்டு அண்ணன் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். எளிமை குறையன்று. ஆனால் சபை பாட வேண்டுமென்றால் நான்கு எண்ணிக்கைத் தாளமும் நான்கு கார்டும்தான் வழி என்பதை ஏற்க முடியவில்லை. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கர்நாடக ராகங்களில் பாடிய மரபு நம்முடையது. கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பாட்டின் தலைப்பிலேயே ராகமும் தாளமும் குறித்திருக்கும். அவற்றுள் ஏழு எண்ணிக்கை கொண்ட சாபு தாளப் பாட்டுகளும் உண்டு. என் பாட்டி ‘தகிட தகதிமி’ என்று எண்ணத் தெரியாமலேயே பிசகாமல் கைதட்டிப் பாடுவார். ஏழு எண்ணிக்கையில் எழுதுவது மோர்ஸுக்குக் கைவந்த கலை. அதை ஆலய வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார் என்பதுதான் என் வருத்தம்.

நம்பிக்கை அவருடைய இசையைக் கெடுத்துவிட்டது என்போரோடும் நான் சேர மாட்டேன். 2007-இல் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரைப் பற்றி அவர் வெளியிட்ட ‘சோலா ஸ்கிரிப்டுரா’வில் மொத்தம் 4 பாடல்கள்தாம், ஓடுவதோ ஏறத்தாழ 76 நிமிடங்கள். முதல் பாடல் மட்டுமே அரை மணி நேரத்தை நெருங்கும். மைக் போர்ட்னாயின் டிரம்ஸ் அதில் பெரும்பகுதி ஓய்ந்து உட்காரவில்லை. அதே மனிதர், அதே விசுவாசம். ‘டெஸ்டிமொனி’யில் தம் சொந்தக் கதையைச் சொன்னவர், ஆராதனைத் தொகுப்பில் எவர் பாடினாலும் பொருந்தக்கூடிய பொதுச் சொற்களுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார். கார்டுகள் குறைந்ததைவிட எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

கோபிக் கும்மிக்காரி:

எனக்கு ராக் இசை அதிகம் தெரியாது. இந்த உரையாடலைப் படித்தபின்தான் இரண்டு தொகுப்புகளையும் கேட்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் வள்ளி கும்மி பழகுகிறேன். ஆசிரியர் ஓர் அடியைப் பாட, நாங்கள் வட்டமாக நின்று அதையே திருப்பிப் பாடி ஆடுவோம். வட்டத்துக்குள் இருக்கும்போது இரண்டு மணி நேரம் போவது தெரியாது. அதையே அலைபேசியில் பதிந்து வீட்டில் போட்டுக் கேட்டால், ஐந்தாவது நிமிடத்தில் என் அம்மாவே நிறுத்தச் சொல்லிவிடுவார். உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதை வேறு மாதிரி. அங்கே கூட்டம் பாடுவதில்லை. இரவு இரவாக உட்கார்ந்து கேட்கிறது, பொன்னரும் சங்கரும் படும் பாட்டுக்கு அழுகிறது. ‘டெஸ்டிமொனி’ எனக்கு உடுக்கைப் பாட்டைப் போலவும், மற்றது கும்மியைப் போலவும் பட்டது. கும்மியில் கதை நகரவில்லையே என்று எங்கள் ஊரில் யாரும் குறைப்படுவதில்லை.

ஆனால் கும்மியை வட்டில் ஏற்றி விலைக்கு விற்றால், வாங்கியவர் ‘இதை நான் பேருந்தில் கேட்டேன், அலுத்தது’ என்று சொல்லத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சேலத்துப் பழைய ரசிகன்:

இந்தச் சண்டை பழையது. 1979-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு மாறி ‘ஸ்லோ டிரெயின் கமிங்’ தொகுப்பை வெளியிட்டபின், அந்த நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்டு அரங்கில் 14 நிகழ்ச்சிகளிலும் புதிய பக்திப் பாடல்களை மட்டுமே பாடினார். பழைய பாட்டு வருமென்று சீட்டு வாங்கியவர்களில் பலர் கொதித்தார்கள். அத்தொகுப்பின் முதற்பாட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. அந்தக் கோபத்தில் பெரும்பகுதி இசையைப் பற்றியதன்று என்பது என் எண்ணம். இங்கே தாராபுரத்தார் பேசுவது இசையைப் பற்றி மட்டும் என்பதால் அதைப் பொறுமையாகப் படித்தேன்.

நொய்யல்கரையான், கோயம்புத்தூர்:

அனைவருக்கும் நன்றி. கோபி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு, ஞாயிறு மாலை அந்த நண்பரின் வீட்டுக்கே போய்விட்டேன். ஒரு கிதார், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். நான் பாடவில்லை, பாடாமல் இருக்கவும் முடியவில்லை என்பதால் முணுமுணுத்தேன். இரண்டு பாடல்கள் இப்போது மனத்தில் நிற்கின்றன. மற்றவற்றை மறுநாள் காலைப் பேருந்தில் மீண்டும் கேட்டேன். இந்த முறையும் கிணத்துக்கடவைத் தாண்டவில்லை.

தாராபுரத்தார் சொன்ன சாபு தாளத்தைப் பற்றி அங்கே பேச்செடுத்தபோது, நண்பரின் மாமியார் அடுக்களையிலிருந்து வந்து ஒரு கீர்த்தனையைப் பாடிக் காட்டினார். மூன்றும் நான்குமாக விரல்விட்டு எண்ணினேன், பிசகாமல் ஏழு. இவ்வகைக் கீர்த்தனைகளைச் சபையே சேர்ந்து பாடிய நல்ல ஒலிப்பதிவு எவரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள்.