கேஸ் பிஸ்டலில் குப்பி ஒரே இரவில் காலியாகிறது: சீலுக்கு எந்த எண்ணெய் விடுவது?

கேள்வி (குறிதவறான்):

வணக்கம். 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி போட்டுச் சுடும் ஏர் பிஸ்டல் ஒன்றை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு பல மாதங்கள் தொடாமல் பெட்டிக்குள் கிடந்தது. இப்போது புதுக் குப்பியை மாட்டினால் அன்றைக்கு நன்றாகவே சுடுகிறது. ஆனால் மறுநாள் காலையில் விசையை இழுத்தால் வெறும் ‘டக்’ என்ற சத்தம் மட்டுமே வருகிறது. குப்பியை இறுக்கும் திருகைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கிப் பார்த்தேன். துரு நீக்கும் ஸ்பிரேயையும் உள்ளே அடித்தேன்; அதற்குப் பிறகு கசிவு அதிகமானதைப் போலத்தான் தோன்றுகிறது. சிலிக்கான் எண்ணெயா, மினரல் எண்ணெயா, எதை, எங்கே, எவ்வளவு விட வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (ஓ-ரிங்):

நண்பரே, முதலில் அந்த ஸ்பிரேயை நிறுத்துங்கள். அதில் பெரும்பகுதி கரைப்பான். அது ஏற்கெனவே இருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். கரைப்பான் ஆவியான பின் மிஞ்சும் மெல்லிய படலம், வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் சீலைக் காப்பதற்குப் போதாது.

உங்கள் சீல் என்ன பாடுபடுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். குப்பிக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 57 பார், அதாவது கார் டயரில் இருப்பதைப் போல 25 மடங்கு. இந்த வாயுவுக்கு ரப்பருக்குள் ஊறிவிடும் குணமும் உண்டு. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த ஓ-ரிங் (வளைய வடிவ சீல்) ஒன்றைக் குப்பி தீர்ந்த கையோடு கழற்றினால், உப்பிப் போய் அதன் பள்ளத்தில் அடங்காமல் பிதுங்கி நிற்பதைக் காணலாம். பலர் இதைப் பார்த்து ரிங் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஒரு நாள் தட்டில் வைத்திருந்தால், ஊறிய வாயு வெளியேறிப் பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பிவிடும். அழுத்தத்தைத் திடீரெனத் திறந்துவிடும்போதுதான் கேடு நேர்கிறது: உள்ளே ஊறிய வாயு வெளியேற வழியின்றி விரிந்து, ரப்பரில் கொப்புளமும் வெடிப்பும் உண்டாக்குகிறது. எனவே மிச்ச வாயுவைச் சுட்டுத் தீர்த்துவிட்டு, அதன் பிறகே திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். கசியும் வாயு தோலை உறையச் செய்யும் அளவுக்குக் குளிர்ந்தது என்பதால் விரலை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

திருகைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊசி குப்பியைத் துளைத்து ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டு அடங்கியதும், இன்னும் ஒரு கால் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கும் ஒவ்வொரு சுற்றும் குப்பியின் வாய் அமரும் தட்டை வாஷரை நசுக்குகிறது. என் கணிப்பில் உங்கள் கசிவு அங்கேதான் இருக்கிறது. அப்படியானால் எந்த எண்ணெயாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மறுமொழி (பழைய விசை):

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். எண்ணெயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குப்பியை மாட்டுவதற்கு முன் அதன் கழுத்து நுனியில் ஒரே ஒரு துளி விடுங்கள். துளைபட்டதும் பீறிடும் வாயுவே அந்தத் துளியை வால்வு வரை கொண்டுசேர்த்துவிடும். இதற்கென விற்கப்படும் கிராஸ்மன் பெல்கன் ஆயில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காதபோது டிடர்ஜென்ட் (அழுக்கு நீக்கும் வேதிப்பொருள்) சேர்க்காத 30 எண் இன்ஜின் எண்ணெயைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு குப்பிக்கும் விட வேண்டும் என்பார் சிலர். நான் மூன்று குப்பிக்கு ஒரு முறையும், நீண்ட நாள் ஓய்வுக்குப் பின் முதல் குப்பிக்கும் விடுகிறேன். கூடுதலாக விட்டால் எண்ணெய் குழலுக்குள் தெறித்து, முதல் சில குண்டுகள் குறி தப்பும்.

சிலிக்கான் எண்ணெயும் ஓ-ரிங்குக்கு நல்லதுதான், ஆனால் ரிங்கே சிலிக்கான் ரப்பராக இருந்தால் உப்பிவிடும். உலோகத்தோடு உலோகம் உரசும் விசை, கீல் போன்ற இடங்களில் அது தேய்மானத்தைத் தடுக்காது. அங்கே மினரல் எண்ணெயோ கிரீஸோதான் ஏற்றது. ரிங் மாற்றும் வேலை வந்தால் பாலியூரித்தேன் வகையைத் தேடுங்கள். வாயு ஊறி உப்பும் தொல்லை அதில் குறைவு.

மறுமொழி (அழுத்தமானி):

இன்னொரு எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். கார்பன் டை ஆக்சைடில் மினரல் எண்ணெய் எரியாது. அழுத்தப்பட்ட காற்று அடைக்கும் துப்பாக்கியில் நிலைமை வேறு. காற்றில் ஆக்சிஜன் இருப்பதால், அழுத்தம் திடீரென ஏறும்போது எழும் வெப்பத்தில் மினரல் எண்ணெயின் ஆவி தீப்பிடிக்கலாம். அந்த வகைத் துப்பாக்கியின் காற்றறைப் பக்கம் இந்த எண்ணெய்ப் புட்டியையே கொண்டுபோகாதீர்கள். அதற்குத் தூய சிலிக்கான் எண்ணெய் வேண்டும்.

கசிவின் இடத்தை அறிய, குண்டு ஏதும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சோப்பு நீரைத் தூரிகையால் தடவிப் பாருங்கள். குமிழி குப்பியின் வாயருகே எழுந்தால் வாஷர். குழலின் முனையில் எழுந்தால் வால்வு. முன்னதை நீங்களே மாற்றலாம், பின்னதைப் பழகிய கையிடம் கொடுப்பது நல்லது.

கேள்வி கேட்டவர் (குறிதவறான்):

மூவருக்கும் நன்றி. ஓ-ரிங் ஐயா கணித்தது சரி. குமிழி குப்பியின் வாயருகேதான் எழுந்தது. வாஷரைக் கொக்கியால் எடுத்துப் பார்த்தபோது, குப்பியின் விளிம்பு அதில் ஆழமான வட்டத் தடம் பதித்து, ஒரு பக்கத்தில் அறுத்தே விட்டிருந்தது. புதியதை வைத்து, ஒரு துளி எண்ணெயுடன், இம்முறை கால் சுற்றோடு நிறுத்திக்கொண்டேன். சோதனைக்காகக் குப்பியோடு சேர்த்துப் பிஸ்டலைச் சமையலறைத் தராசில் மாலையிலும் மறுநாள் காலையிலும் எடை போட்டேன். முன்பு ஒரே இரவில் 12 கிராமும் போய்க்கொண்டிருந்தது; இப்போது இரண்டு வேளையும் ஒரே எண்தான் காட்டியது.