பெரியம்மாவுக்கு டிமென்ஷியா இல்லம் தேடுகிறோம், நேரில் போகும்போது எதைப் பார்ப்பது?

காவேரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். பெரியம்மாவுக்கு வயது 76. ஸ்ரீரங்கத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், பிள்ளைகள் கிடையாது, பெரியப்பா போன பிறகு எங்களோடு சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறார். அல்சைமர் என்கிற மறதி நோய் என்று டாக்டர் சொல்லி நாலு வருடம் ஆகிறது. இதுவரை எப்படியோ சமாளித்துவிட்டோம், இனிமேல் முடியும் என்று தோன்றவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று புடவை மாற்றிக்கொண்டு வாசல் கதவைத் தட்டுகிறார், ஒருமுறை கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமலே போய்ப் படுத்துவிட்டார், ஏஜென்சி அனுப்பும் பெண்கள் யாரும் நிலைப்பதில்லை. நானும் வேலைக்குப் போகிறேன், பையன் பத்தாவது படிக்கிறான்.

இரண்டு இடம் பார்த்திருக்கிறோம். ஓஎம்ஆர் பக்கம் ஒன்று, உள்ளே போனால் ஓட்டல் மாதிரி இருக்கிறது, பளபளவென்று கிரானைட் தரை, ரிசப்ஷன், எங்கே பார்த்தாலும் கேமரா, பிசியோதெரபிக்குத் தனி அறை, மாதம் 55 ஆயிரம். இன்னொன்று தாம்பரம் தாண்டி, பழைய தனி வீட்டை மாற்றி நடத்துகிறார்கள், பதினைந்து பேர் இருக்கிறார்கள், 38 ஆயிரம், சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, ஆனால் நடத்தும் அம்மா நன்றாகப் பேசினார். என் கணவருக்கு முதல் இடம்தான் பிடித்திருக்கிறது. எனக்கு எதை வைத்து முடிவு செய்வதென்றே தெரியவில்லை, இரண்டு பேருமே "நாங்க பார்த்துக்கறோம் மேடம்" என்றுதான் சொல்கிறார்கள்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இல்லத்தில் விடலாமா கூடாதா என்ற விவாதம் மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே போதுமான அளவு பேசியாகிவிட்டது.

வைகைக்கரை

என் அப்பா மூன்று வருடமாக மதுரையில் ஒரு இல்லத்தில் இருக்கிறார். நான் சொல்வது ஒன்றுதான், காலையில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்ததைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பதினொரு மணிக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும், குளிப்பாட்டி பவுடர் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் போங்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் இவர்களுக்குப் பதற்றம் ஏறும், வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க, மாடு கட்டணும் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு கதவுப் பக்கம் வருவார்கள். அதே நேரத்தில்தான் ஷிஃப்டும் மாறும், டிபனும் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது ஆயாக்கள் என்ன செய்கிறார்கள் என்று ஓரமாக நின்று பாருங்கள்.

அப்பா இருக்கும் இடத்தில் ஒரு பழைய கண்டக்டர் இருக்கிறார், சாயங்காலம் ஆனால் டிக்கெட் பை எங்கே என்று எழுந்துவிடுவார். அங்கே ஒரு அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு "கடைசி டிரிப் போயிடுச்சுண்ணே, சாப்பிட்டுப் படுங்க, காலைல முதல் வண்டிக்கு எழுப்புறேன்" என்பார், அவரும் சரி என்று உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். இதற்கு முன்னால் நாங்கள் பார்த்த வேறொரு இடத்தில் இதே மாதிரி எழுந்த ஒரு பாட்டியை "உக்காருன்னு எத்தனை தடவை சொல்றது" என்று தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள், அதுவும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அந்த இடத்தில் தோட்டமெல்லாம் அருமையாக இருந்தது.

அப்புறம், எடைப் பதிவேடு கேளுங்கள். மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிறார்களா என்று. சாப்பாடு சரியாகப் போகிறதா என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும், மெனு கார்டு சொல்லாது.

இரவுப்பணி

நர்ஸாக இருக்கிறேன், சென்னையில் முதியோர் இல்லங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உள்ளே போனதும் கட்டடத்தைப் பார்க்காமல் அங்கே இருப்பவர்களைப் பாருங்கள். முக்கியமாக, பேச முடியாமல் போனவர்களை. பேசுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், பேசாதவர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் அந்த இடத்தின் லட்சணம் தெரியும். நகம் வெட்டியிருக்கிறதா, கண்ணாடி போட்டிருப்பவர்களின் கண்ணாடி துடைத்திருக்கிறதா, பல் செட்டும் காது மெஷினும் அவரவரிடம் இருக்கிறதா அல்லது டிராயரில் கிடக்கிறதா. போட்டிருக்கும் நைட்டி அவர்களுடையதுதானா. பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி முடியை ஒட்ட வெட்டியிருந்தால், அது வேலை செய்கிறவர்களின் வசதிக்காக நடத்தும் இடம் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெரியம்மாவைப் போல தினமும் தலை பின்னி வேலைக்குப் போனவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. கேட்காமல் வெட்டுவீர்களா என்று நேராகவே கேளுங்கள்.

பளபள தரையைப் பற்றி: இந்த நோயில் கண் பார்ப்பதை மூளை சரியாகப் புரிந்துகொள்வதில்லை. மினுக்கும் தரை தண்ணீர் தேங்கியதாகத் தெரியும், கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், நடக்கவே பயப்படுவார்கள். வந்து பார்க்கும் நமக்குத்தான் அந்த கிரானைட். பாத்ரூம் கதவு பளிச்சென்று வேறு நிறத்தில் இருக்கிறதா, கைப்பிடிக் கம்பி இருக்கிறதா, படுக்கையிலிருந்து பாத்ரூம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் உபயோகம்.

எத்தனை ஸ்டாஃப் என்று கேட்டால் ஆபீஸ், சமையல், டிரைவர் எல்லாம் சேர்த்து ஒரு எண் சொல்வார்கள். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை, விழித்துக்கொண்டு இருப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். படுத்துத் தூங்குபவர் கணக்கில் வரமாட்டார். விழித்திருப்பவருக்குத் தமிழ் தெரியுமா என்றும் கேளுங்கள். இப்போது நிறைய இடங்களில் அட்டெண்டர்கள் ஒடிசா, ஜார்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள், பாவம் நன்றாகவே உழைக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் நடுராத்திரி எழுந்து தமிழில் பயந்து கேட்கிறவருக்கு ஹிந்தியில் பதில் வந்தால் பயம் இரட்டிப்பாகும்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். போகும் நேரமெல்லாம் பாதிப் பேர் சேரில் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால் சந்தேகப்படலாம். குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் மாதிரியான மனநோய் மருந்துகளை டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரிக்கை போட்டது. அதற்காக அவற்றைத் தொடவே கூடாது என்று இல்லை, சிலருக்குக் கொஞ்ச நாள் தேவைப்படும், டாக்டர் பார்த்து அளவாகக் கொடுப்பார். ராத்திரி டியூட்டிக்கு ஆள் போதவில்லை என்பதற்காகக் கொடுப்பதுதான் பிரச்சினை. புது மாத்திரை ஆரம்பித்தால் உங்களுக்குப் போன் செய்வார்களா, எந்த டாக்டர் எழுதுகிறார், எவ்வளவு நாளுக்கொரு முறை குறைத்துப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் அதிகமானால் முதலில் யூரின் டெஸ்ட் எடுப்போம், மலச்சிக்கல் இருக்கிறதா பார்ப்போம் என்று சொல்கிறவர்களுக்கு வேலை தெரியும். "டிமென்ஷியான்னா அப்படித்தாங்க" என்பவர்களை விட்டு விலகுங்கள்.

கட்டிப்போடுவீர்களா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். மணிக்கட்டைப் பாருங்கள், சேரின் பின்பக்கம் பழைய துப்பட்டாவோ வேட்டித் துணியோ முடிச்சோடு தொங்குகிறதா பாருங்கள். வார்டு கிரில் கதவின் சாவி ராத்திரி யாரிடம் இருக்கும் என்பதையும் கேட்டே ஆக வேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று எரிந்து 28 பேர் செத்தது சங்கிலியில் கட்டியிருந்ததால்தான். பூட்டுவது தப்பில்லை, இவர்கள் வெளியே போய்விடுவார்கள்தான், ஆனால் பூட்டுக்கு உள்ளே நடக்க இடம் இருக்க வேண்டும், சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை உட்காருங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய் என்று ஊட்டி முடிக்க அரை மணி, முக்கால் மணி ஆகும். நிறைய பேருக்கு மூக்கில் டியூப் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள், முற்றிய நிலையில்கூட முடிந்தவரை கையால் ஊட்டுவதுதான் சரியான முறை.

கடைசியாக ஒன்று. அவர்கள் உங்களிடம் என்ன கேட்டார்கள்? பெரியம்மா என்ன வேலை பார்த்தார், எத்தனை மணிக்கு எழுவார், காபியா டீயா, எதற்குப் பயப்படுவார், என்ன சொன்னால் சமாதானம் ஆவார் என்று யாராவது கேட்டார்களா? ஆதார் கார்டும் அட்வான்ஸும் மட்டும் கேட்ட இடம் என்றால் யோசியுங்கள்.

மண்வாசனை

தப்பாக நினைக்காதீர்கள், நம்ம காலத்தில் தாத்தா பாட்டிக்கெல்லாம் இந்த மறதி இருந்தது, யாரும் இல்லத்தில் கொண்டுபோய் விடவில்லை. வீட்டில் நாலு பேர் அன்பாக இருந்தால் எல்லாம் சரியாகும். 55 ஆயிரம் கொடுப்பதற்கு வீட்டிலேயே இரண்டு ஆள் வைக்கலாமே.

வைகைக்கரை

நண்பரே, அந்த விவாதம் வேண்டாம் என்று அவர் முதலிலேயே எழுதியிருக்கிறார். நம்ம காலத்தில் அந்தத் தாத்தாவைப் பார்த்துக்கொண்ட அத்தைகளும் சித்திகளும் வேலைக்குப் போகாமல் ராத்திரி தூங்காமல் கிடந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆள் வைக்கும் கதையையும் அவர் எழுதியிருக்கிறார்.

பழைய_பேங்க்காரன்

பராமரிப்பைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள், நான் பேப்பர் விஷயம் மட்டும் சொல்கிறேன் அம்மா.

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள், அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். டெபாசிட் எப்போது, எவ்வளவு நாளில் திரும்பி வரும், ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தால் அந்த நாட்களுக்கும் முழுக் கட்டணமா, டயப்பர், மருந்து, ஆம்புலன்ஸ், டாக்டர் விசிட் எல்லாம் தனியா என்று எழுதி வாங்குங்கள். 38 ஆயிரம் என்பது பில்லில் 50ஐத் தொடுவது சாதாரணம். நோய் முற்றினால் வெளியே அனுப்புவார்களா என்பதுதான் ரொம்ப முக்கியம். படுத்த படுக்கையானால் எங்களால் முடியாது என்று நுணுக்கமான எழுத்தில் போட்டிருப்பார்கள், அந்த நேரத்தில் நீங்கள் வேறு இடம் தேடி அலைய முடியாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்து, இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம், காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.

பவர் எழுதி வாங்கியிருக்கிறோம், அதை வைத்துப் பணம் எடுக்கலாம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நம் ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தியை இழந்தால் அந்தப் பவரும் செல்லாது. பெரியம்மாவுக்கு இன்னும் விவரம் புரிகிற நிலை இருந்தால் வங்கிக் கணக்கை உடனே ஜாயின்ட் ஆக்கி, நாமினியையும் சரி பாருங்கள். அந்த நிலை தாண்டிவிட்டது என்றால் கோர்ட் மூலம் கார்டியன் ஆவதுதான் வழி, வக்கீலைப் பாருங்கள். தமிழக அரசு பென்ஷன் என்றால் தபால்காரர் இருக்கும் இடத்துக்கே வந்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்துத் தருவார், 70 ரூபாய். இல்லத்தில் அதற்கு அனுமதிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஸ்ரீரங்கத்தில் அவருக்கு வீடு இருக்கிறதா? 2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பிள்ளை இல்லாத முதியவரின் சொத்து யாருக்கு வருமோ அந்த உறவினர்களுக்கும் பராமரிக்கும் பொறுப்பு உண்டு. பங்கு கேட்க வரும் அண்ணன் தம்பிகளிடம் இதை இப்போதே நாசூக்காகச் சொல்லிவையுங்கள்.

காவேரிக்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வீடு இருக்கிறது சார், பங்கு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், போன் செய்கிறவர்கள்தான் இல்லை.

நேற்று சாயங்காலம் இரண்டு இடத்துக்கும் சொல்லாமல் போனேன். ஓஎம்ஆரில் ரிசப்ஷனைத் தாண்ட விடவில்லை, குடும்பத்தினர் ஞாயிறு நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை வரலாம், வேண்டுமானால் கேமராவில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தாம்பரத்தில் உள்ளே விட்டார்கள். ஒரு ஆயா பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஒரு பாட்டிக்கு எதிரே உட்கார்ந்து ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார், நான் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை, பாட்டி வாயை மூடிக்கொண்டால் கையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். யாருடைய முடியையும் ஒட்ட வெட்டியிருக்கவில்லை. ஆனால் ராத்திரிக்கு பதினைந்து பேருக்கு ஒரே ஒரு பெண், தமிழ் கொஞ்சம்தான் வருகிறது. பின்பக்கப் பாத்ரூமில் கம்பியும் இல்லை. இரண்டு மணிக்கு எழுந்திருக்கும் ஆளை வைத்துக்கொண்டு இது சரிவருமா?

இரவுப்பணி

ஒரு ஆள் போதாது, அதில் சமாதானம் ஆக வேண்டாம். ஒருவர் டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் விழுந்தால் யார் பார்ப்பது. ஆனால் கம்பி போடுவது அரை நாள் வேலை, ராத்திரிக்கு இன்னொரு ஆள் போடுவதும் நடக்கக்கூடியதுதான், அங்கே இருக்கும் மற்ற குடும்பங்களிடம் பேசி ஆளுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்துக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்த ஆயா மாதிரி ஆளைக் காசு கொடுத்துக் கொண்டுவர முடியாது. குடும்பத்தை உள்ளே விடாத இடத்தை நான் லிஸ்டிலிருந்தே எடுத்துவிடுவேன், கேமரா இருந்தாலும் சரி.

உடனே நிரந்தரமாகச் சேர்க்காமல் ஒரு மாதம் மட்டும் வைத்துப் பார்க்கிறோம் என்று கேளுங்கள். முதல் வாரம் அழுவார், வீட்டுக்குப் போகணும் என்பார், அதை வைத்து இடத்தை எடை போடாதீர்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று தனியாகத் திணற வேண்டாம், அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, அப்புறம் அல்சைமர் சங்கத்தின் சென்னைக் கிளை, இரண்டிலும் குடும்பத்தினரோடு உட்கார்ந்து பேசுவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ராத்திரி பதினொன்றரைக்கு அந்த இல்லத்துக்கு ஒருமுறை போன் போடுங்கள். யாராவது எடுக்கிறார்களா, எடுத்தால் தமிழில் பேசுகிறார்களா, இன்றைக்கு யார் தூங்கவில்லை என்று கேட்டால் பெயர் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.