வங்கிச் சேவை மக்களை எட்டியதா என அளக்கப் போன இடத்தில்: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பதிவு

நிதிச் சேவைகளை மக்கள் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று அளக்கும் உலக வங்கியின் குளோபல் ஃபின்டெக்ஸ் போன்ற ஆய்வுகளுக்கு வீடுவீடாகப் போனவர்களுக்கு இந்தக் கட்டம் தெரிந்திருக்கும். 15 வயது நிரம்பியவர்களில் ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தபோது அந்த வீட்டு மருமகளின் பெயர் வந்தது. வங்கிக் கணக்கு உண்டா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மாமியாரைப் பார்த்தார். மாமியார் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து பாஸ்புக்கை உருவி, மருமகளைத் தாண்டி என்னிடம் நீட்டினார். பெயர் மருமகளுடையதுதான், ஆனால் அதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை, நான் புரட்டும்போது எட்டிப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். விதிப்படி ‘ஆம்’ என்று குறித்தேன். கணக்கு வைத்திருப்போர் 2011-இல் உலக அளவில் 51 விழுக்காடாக இருந்து 2021-இல் 76 விழுக்காடாக உயர்ந்தனர் என்று படிக்கும்போதெல்லாம், அந்த ‘ஆம்’ என் மனத்தை உறுத்துகிறது.

இரண்டாம் பதிவு

நான் கிளைகளையும் ஏடிஎம்களையும் கணக்கெடுக்கும் பக்கத்தில் இருந்தவன். பன்னாட்டு நாணய நிதியத்தின் நிதி அணுகல் ஆய்வுக்காக நாடுகள் அனுப்பும் விவரங்களிலிருந்து, ஒரு லட்சம் வயதுவந்தோருக்கு எத்தனை, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று வகுத்துச் சொல்வார்கள். நான் சரிபார்க்கப் போன ஏடிஎம்மின் கதவில் ‘பணம் இல்லை’ என்ற தாள் ஒட்டியிருந்தது. ஒட்டிய டேப் பழுத்து மஞ்சளாகியிருந்தது. முதியவர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அடுத்தது எங்கே என்று என்னிடம் கேட்டார். பட்டியலில் அந்த இயந்திரமும் ஒன்றாகத்தான் எண்ணப்பட்டது. இருக்கிற கிளைகளில் பெரும்பகுதி தலைநகரில் குவிந்து கிடந்தாலும் நாட்டின் சராசரி அழகாகவே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பதிவு

முதலில் எழுதிய நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ‘ஆம்’ தவறான பதில் அன்று. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். என்னிடம் ஒரு பெண், கணவர் வெளியே போன பிறகு, முன்பு சொன்ன பதிலை மாற்றிக்கொண்டார். என் அனுபவம் அவ்வளவே. ஆனால் அதிலிருந்து சொல்கிறேன்: மாமியார் அருகில் இருக்கும்போது பேட்டியைத் தொடங்கியிருக்கவே கூடாது. கணக்கு உண்டா என்ற கேள்வியை மாற்றாதீர்கள். மாற்றினால் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும். அதன் பின்னால் வேறு கேள்விகளைச் சேருங்கள். கடந்த 12 மாதங்களில் பணம் போட்டீர்களா, எடுத்தீர்களா, எடுப்பதென்று முடிவு செய்தவர் யார், கிளைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். 2021 ஃபின்டெக்ஸ் ஆய்வின்படி வளரும் நாடுகளில் கணக்கு உள்ளவர்களில் 13 விழுக்காட்டினர் ஓராண்டாக அதைத் தொடவே இல்லை. தனிக் கேள்வி இருந்ததால்தான் இது வெளியே வந்தது. கணக்கு இல்லாதவர்களிடம் காரணத்தையும் கேளுங்கள். தூரம் என்பவருக்கும், ஆவணம் இல்லை என்பவருக்கும், போட்டுவைக்கப் பணமே இல்லை என்பவருக்கும் செய்ய வேண்டியவை வெவ்வேறு.

நான்காம் பதிவு

கேள்விகளைச் சேர்ப்பது நல்லதுதான்; ஆனால் நான் கண்டது எந்தக் கேள்வியிலும் அகப்படாது. வங்கியின் சார்பில் ஊரிலேயே பணம் கொடுக்கும் முகவரின் கருவியில், பணம் எடுக்க ஒரு மூதாட்டி விரலை வைத்தார், ரேகை பதியவில்லை. புடவையில் துடைத்துவிட்டு வைத்தார். மற்றொரு விரலை வைத்தார். முகவர் பஞ்சை நனைத்துத் தடவியும் பார்த்தார். உழைத்துத் தேய்ந்த அந்தக் கையின் ஒரு விரல்கூடக் கருவிக்குப் பிடிபடவில்லை. போன மாதம் அவர் பணம் எடுத்திருந்ததால் பயன்படுத்துபவர் என்ற கணக்கில் இருந்தார். முகவர் இருப்பதால் அந்த ஊர் சேவை எட்டிய ஊர் என்ற கணக்கில் இருந்தது. நிறைவேறிய பரிவர்த்தனைகளை வெளியிடும் வங்கிகள், நிறைவேறாமல் போனவற்றையும் ஊர்வாரியாகவும் காரணத்தோடும் வெளியிட வேண்டும். கருவி ஒவ்வொரு தோல்வியையும் பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் மத்திய வங்கிக்கு உண்டு.