முராபஹா கோப்பில் தேதி பிசகினால் லாபம் போச்சு: இஸ்லாமிய வங்கிக்கு ஆள் எடுப்பதும் பழக்குவதும்

வட்டி வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவரை அப்படியே கொண்டுவந்து உட்காரவைத்தால் முதலில் அடிபடுவது முராபஹா என்ற விற்பனை முறைதான். அவர் கண்ணுக்கு அது கடன். உண்மையில் அது வியாபாரம். வாங்கிக்கொள்கிறேன் என்று வாடிக்கையாளர் வாக்குக் கொடுப்பார். வங்கி பொருளை வாங்கித் தன் பொறுப்பில் எடுக்கும். அதன் பிறகுதான் அடக்க விலையையும் லாபத்தையும் சொல்லி அவருக்கு விற்கலாம். விற்பனை ஒப்பந்தம் 5ஆம் தேதி, வங்கி பொருளை வாங்கியது 7ஆம் தேதி என்றிருந்தால், இல்லாத பொருளை விற்றதாகிவிடும். 10 லட்சத்துக்கு வாங்கி 11 லட்சத்துக்கு விற்றிருந்தால், அந்த ஒரு லட்சத்தை வருமானத்தில் சேர்க்காமல் தர்மக் கணக்குக்கு மாற்றும்படி வங்கியின் ஷரீஆ (இஸ்லாமியச் சட்ட) குழு சொல்லும். நிதிக்கான செலவு அப்படியே நிற்கும், வருமானம் பூஜ்யம்.

---

மேலே சொன்னதோடு வக்காலாவையும், அதாவது முகவர் நியமனத்தையும், சேர்க்க வேண்டும். வாங்கும் வேலைக்கு வாடிக்கையாளரையே முகவராக்கும்போதுதான் தவறு அதிகம். முகவர் நியமனத்துக்கு முந்தைய தேதியில் பில் இருந்தால், அவர் ஏற்கெனவே தனக்காக வாங்கிவிட்டார் என்று பொருள். அங்கே விற்க எதுவுமில்லை. நேர்காணலில் அரபுச் சொற்களுக்கு விளக்கம் கேட்பதால் பயனில்லை. வாக்குறுதி, முகவர் நியமனம், பில், டெலிவரி சீட்டு, விற்பனை ஒப்பந்தம் ஐந்தையும் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். ஒன்றில் தேதியை மாற்றி வையுங்கள். கண்டுபிடிப்பவரை விடாதீர்கள்.

---

பழக்கிய பிறகும் தவறு தொடர்ந்தால் ஊக்கத்தொகை விதியைப் பாருங்கள். பணம் பட்டுவாடா ஆன அன்றே இன்சென்டிவ் என்றால் எந்த அதிகாரியும் டெலிவரி சீட்டுக்குக் காத்திருக்க மாட்டார். பாதியை நிறுத்திவைத்து, ஷரீஆ தணிக்கையில் கோப்பு தேறியதும் கொடுப்பது நல்லது. இதைச் செய்யாமல் பயிற்சிக்கு மட்டும் செலவழிப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து.

---

இஜாராவில், அதாவது வங்கி பொருளை வாங்கி வாடகைக்கு விடுவதில், தவறு வேறு மாதிரி. சப்ளையருக்குப் பணம் கட்டிய நாளிலிருந்தே வாடகையை ஓடவிடுவார்கள். பொருள் பயன்படுத்தும் நிலையில் வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகே வாடகை சேரும். பெரிய பழுதும் தகாஃபுல் (இஸ்லாமியக் காப்பீடு) சந்தாவும் உரிமையாளரான வங்கியின் தலையில். வாடகையை நிர்ணயிப்பவருக்கு இது தெரியாவிட்டால் விலை தப்பும்.

---

ஷரீஆ தணிக்கைக்குத்தான் ஆள் பஞ்சம். ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) படித்தவருக்கு ஐந்தொகை படிக்க வராது, கணக்காளருக்கு ஒப்பந்தத்தின் ஷரத்து புரியாது. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட, இஸ்லாமிய நிதித் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் அயோஃபி (AAOIFI) அமைப்பு ஷரீஆ ஆலோசகர், தணிக்கையாளர் சான்றிதழ் தருகிறது. மலேசியாவின் இன்சீஃப் (INCEIF) இந்தத் துறைக்கென்றே உள்ள பல்கலைக்கழகம். ஆனால் சான்றிதழ் வாங்கியவரைத்தான் பக்கத்து வங்கி முதலில் கொத்திக்கொண்டு போகும். அதனால் ஒருவரை மட்டும் அனுப்பாமல், ஃபிக்ஹ் தெரிந்தவர் ஒருவர், கணக்குத் தெரிந்தவர் ஒருவர் என்று ஜோடியாக அனுப்பி, திரும்பி வந்ததும் ஒரே கோப்பில் இருவரையும் கையெழுத்துப் போடவையுங்கள். ஒருவர் போனாலும் அவர் கற்றதில் பாதியாவது மற்றவரிடம் தங்கும்.